கரடிக்கு எந்தத் துப்பாக்கி?

பாவூர்சத்திரத்துக் காய்கறிச் சந்தைக்கு வருகிற மலையடிவாரத்து விவசாயிகளிடம் விலைவாசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு வெகு சீக்கிரத்தில் கரடிக்குத் திரும்பிவிடுகிறது. கடையத்துப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர், சிவசைலத்துப் பக்கம் தென்னை வைத்திருப்பவர், குற்றாலத்தை அடுத்து மாந்தோப்புக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் எல்லோருக்கும் சொல்ல ஏதாவது ஒரு கரடிக் கதை இருக்கிறது. கதை முடிகிற இடத்தில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் நிற்கிறது. "ஒரு துப்பாக்கி வாங்கி வைத்துக்கொண்டால் என்ன?"

இந்தக் கேள்வியை நம்மிடமே ஒருவர் நேராகக் கேட்டார். நம்மிடம் படித்த மாணவன் ஒருவனுடைய தகப்பனார் அவர். "சார்வாள், நீங்கள் நாலு புத்தகம் பார்த்தவர்கள். எது நல்ல துப்பாக்கி என்று விசாரித்துச் சொல்லுங்கள். ராத்திரி மோட்டார் போடப் போகிறவனுக்குத்தானே அந்தப் பயம் தெரியும்" என்றார். கேட்டவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மும்முனை மின்சாரம் எந்த வேளையில் வருகிறதோ அந்த வேளையில் எழுந்து போய்த் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய குடும்பம் அது. ஒரு கையில் மண்வெட்டி, மற்றொரு கையில் டார்ச் விளக்கு. வரப்புக்கு அப்பால் உண்ணிச்செடிப் புதர். அந்தப் புதருக்குள் என்ன இருக்கிறது என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ஆகையால் "துப்பாக்கி எதற்கு ஐயா?" என்று தர்மோபதேசம் செய்து அவரை அனுப்பிவிட நமக்கு மனம் வரவில்லை. விசாரித்தோம். விசாரித்ததை நேயர்களுக்கும் சொல்லுகிறோம்.

பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 2022-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 6-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று, கடையத்தை அடுத்த சிவசைலம் பக்கத்தில், மசாலாப் பொருள்கள் விற்கும் வியாபாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கையில் கரடி ஒன்று அவர்மீது பாய்ந்தது. அவருடைய கூக்குரல் கேட்டு உதவிக்கு ஓடிவந்த இருவரையும் அது விட்டுவைக்கவில்லை. மூவருக்கும் முகத்தில் பட்ட காயங்கள் கொடுமையானவை. வனத்துறையார் வந்து மயக்க ஊசி செலுத்திக் கரடியைப் பிடித்துக் களக்காட்டுப் பக்கத்து வனத்தில் கொண்டுபோய் விட்டார்கள். விட்ட சில தினங்களுக்குள் அது இறந்து கிடக்கக் காணப்பட்டது. பட்டப் பகலில், ஜனங்கள் நடமாடும் பாதையில் நடந்த விஷயம் இது. மேலக்கடையம், கீழக்கடையம் என்றால் பாரதியார் 1918 முதல் 1920 வரையில் வாழ்ந்த ஊர் என்பதாகத்தான் வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கரடி வருகிற ஊர் என்றும் பலர் அறிந்துகொண்டார்கள்.

துப்பாக்கியைப் பற்றி யோசிக்குமுன், சுடப்பட வேண்டிய மிருகம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வது அவசியம். நம் மலையில் இருப்பது தேன்கரடி. வளர்ந்த ஆண் கரடி 80 கிலோவிலிருந்து 140 கிலோ வரையில் இருக்கும். பெண் கரடி அதற்குக் குறைவு. சடை சடையாகத் தொங்குகிற கறுப்பு மயிரும், நெஞ்சில் வெள்ளையாக ஒரு வளைகோடும் இதன் அடையாளங்கள். முன்கால் நகங்கள் நம் விரல் நீளத்துக்கு வளர்ந்து வளைந்திருக்கும். அந்த நகங்கள் மனிதனைக் கிழிப்பதற்காக ஏற்பட்டவையல்ல, புற்றைக் கிளறுவதற்காக ஏற்பட்டவை. கறையானும் எறும்பும் இதற்கு முக்கிய ஆகாரம். மேல் வரிசையில் நடுப்பற்கள் இரண்டு இதற்குக் கிடையா. அந்த இடைவெளி வழியாகத்தான் கறையானை உறிஞ்சுகிறது. உறிஞ்சுகையில் மண் புகாதபடி மூக்குத் துவாரங்களை மூடிக்கொள்ளவும் இதற்குத் தெரியும். எண்கு என்றும் உளியம் என்றும் சங்கப் புலவர்கள் சொல்லிய பிராணி இதுவே. அது புற்றைத் தோண்டி இரை தேடுவதை அவர்கள் கண்ணாரக் கண்டு பாடியிருக்கிறார்கள்.

மோப்பம் மிகக் கூர்மை. பார்வையும் காதும் மத்திமம். புற்றுக்குள் மூக்கை விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கும் வேளையில் அந்தச் சத்தத்திலே மற்றச் சத்தம் ஒன்றும் அதன் காதில் விழுவதில்லை. மனிதன் பத்தடி தூரத்துக்கு வந்து நின்ற பிறகே அது திடுக்கிட்டு நிமிர்கிறது. மற்றப் பிராணிகளாயிருந்தால் ஓடிப் போகும். தேன்கரடியோ எதிர்த்துப் பாய்கிறது. ஏனென்றால் ஆதிகாலமுதல் புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகிய ஜாதி இது. ஓடினால் புலி பிடித்துவிடும், எதிர்த்து நின்றால் சில சமயம் புலியே விலகிப் போகும் என்பது அதன் பரம்பரைப் பாடம். குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும் தாய்க் கரடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மனிதனைத் தின்ன வேண்டும் என்ற ஆசை இதற்கு இல்லை. "என்னை விட்டு விலகு" என்பதைத்தான் அது நகத்தாலும் பல்லாலும் சொல்லுகிறது. சத்தீஸ்கட்டில் வடக்கு பிலாஸ்பூர் வனப் பிரிவில் 1998 ஏப்ரல் முதல் 2000 டிசம்பர் வரையில் ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 137 தாக்குதல்கள். உயிரிழந்தவர்கள் 11 பேர். மற்றவர்கள் பிழைத்தார்கள். ஆனால் கரடியிடம் பிழைத்தவர்களுடைய முகத்தைப் பார்த்தவர்கள் "பிழைத்தார்கள்" என்ற வார்த்தையைச் சற்று யோசித்துத்தான் சொல்லுவார்கள்.

நிற்க. இப்போது துப்பாக்கிக்கு வருவோம்.

வாங்கக்கூடியவை என்று பார்த்தால், நாலு வகையைச் சொல்லலாம். முதலாவது, வாய்வழி மருந்து கெட்டிக்கிற ஒற்றைக்குழல் துப்பாக்கி. பயிர்க் காவலுக்கென்று சட்டமே பெயர் சொல்லி அனுமதிக்கிற துப்பாக்கி இதுதான். கரிமருந்தைக் கொட்டி, தக்கையை வைத்து, ரவையைப் போட்டு, மறுபடி தக்கை வைத்துக் கம்பியால் இடித்து, பின்புறத்தில் கேப்பு வைத்துக் குதிரையை இழுத்து நிறுத்த வேண்டும். ஒரே வெடி. அது தவறினால், மறுபடி கெட்டித்து முடிக்கிற வரையில் கரடி காத்திருக்க வேண்டும். மேலும் நம் சீமையில் ஆனி, ஆடி மாதங்களில் சாரல் அடிக்கிறது. குற்றாலச் சாரல் உடம்புக்குச் சுகம், கரிமருந்துக்குச் சத்துரு. பன்றியை விரட்ட வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு இது போதும். பாய்கிற கரடிக்கு முன்னால் இதை நம்புகிறவர் துணிச்சல்காரர்தான்.

இரண்டாவது, கைத்துப்பாக்கி. கான்பூரில் சர்க்கார் தொழிற்சாலையில் 32 போர் ரிவால்வர் செய்கிறார்கள். பெண்களுக்கென்றே 2014-இல் 'நிர்பீக்' என்ற பெயரில் அரைக் கிலோ எடையில் ஒன்றும் செய்து வெளியிட்டார்கள். இடுப்பில் செருகிக்கொள்ளலாம், ஒரு கையால் சுடலாம், மற்றக் கையில் விளக்கைப் பிடிக்கலாம் என்று அனுகூலங்கள் தோன்றும். ஆனால் அதிலிருந்து புறப்படுகிற குண்டின் எடை சுமார் 6 கிராம். நூறு கிலோ எடையுள்ள மிருகம், சடை மயிருக்கும் தோலுக்கும் கொழுப்புக்கும் பின்னால் எலும்பை ஒளித்து வைத்துக்கொண்டு வருகிறது. அதை 6 கிராம் குண்டு தடுத்து நிறுத்தும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. காயம் படும், கோபம் மூளும். காயம்பட்ட கரடி முன்னிருந்த கரடியைக் காட்டிலும் பொல்லாதது.

மூன்றாவது, 315 போர் ரைபிள். இதுவும் நம் சர்க்கார் தொழிற்சாலைச் சரக்கே. குண்டு சுமார் 16 கிராம்; வேகம் மிக அதிகம். கரடியை நிச்சயமாக வீழ்த்தும் சக்தி உண்டு, பட்டால்! ஒற்றைக் குண்டு ஆகையால் குறி அணுவளவும் பிசகக்கூடாது. பிசகிய குண்டு எங்கே போகும்? ஒரு மைலுக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். நம் மலையடிவாரமோ, ஒருவர் தோட்டத்து வேலியும் அடுத்தவர் வீட்டுத் திண்ணையும் பேசிக்கொள்ளும் தூரத்தில் இருக்கிற பூமி. கரடிக்கு வைத்த குறி அயல் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிற மனிதனைப் போய்ச் சேர்ந்தால் என்ன செய்வது?

நாலாவதுதான் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல். பன்னிரண்டு போர் என்பதற்கு அர்த்தம் பலருக்குத் தெரியாது. ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், அந்த உருண்டையில் ஒன்று குழலுக்குள் சரியாக நுழையும். அதுவே கணக்கு. குழலின் உள்வாய் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். எட்டாம் நம்பர் போன்ற பொடி ரவை காடைக்கும் கௌதாரிக்கும் ஏற்பட்டது; அதைக் கரடிமேல் சுடுவது வம்பை விலைக்கு வாங்குவது. பெரிய பிராணிக்கென்று எல்.ஜி., எஸ்.ஜி. என்ற பெரிய ரவைத் தோட்டாக்கள் இருக்கின்றன. எல்.ஜி. என்றால் அவுன்சுக்கு 6 ரவை, எஸ்.ஜி. என்றால் 8. ஒரே குண்டாக வைத்த தோட்டாவும் உண்டு. வாய் இறுக்கமான குழலிலிருந்து புறப்படும் ரவைக்கூட்டம் பத்துக் கெஜ தூரத்தில் ஏறத்தாழ ஒரு சாண் அகலத்துக்குப் பரவுகிறது. முப்பது கிராமுக்குக் குறையாத ஈயம் ஒரே சமயத்தில் போய் அறைகிறது. முதல் குழல் தவறினாலும் இரண்டாவது குழல் கையில் இருக்கிறது. அதிக தூரம் போகாது, ஆகையால் அயலாருக்கு அபாயம் குறைவு. தேர்ந்துதான் ஆகவேண்டும் என்றால் இதைத்தான் தேர வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள இந்த ஜாதித் துப்பாக்கியைத்தான், தற்காப்புக்கென்று கேட்பவர்களுக்குச் சட்டமும் முன்னிட்டுச் சொல்லுகிறது.

இப்படி நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாயிற்று. கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிட்டதல்லவா? கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. விடை வந்தபிறகும் கணக்கைச் சரிபார்ப்பார்.

கரடி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். அதாவது விநாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல். புதரிலிருந்து அது கண்ணுக்குத் தெரிகிற தூரம் பதினைந்து மீட்டர் என்று தாராளமாகக் கொடுப்போம். வந்து சேர இரண்டு விநாடி கூட இல்லை. இந்த இரண்டு விநாடிக்குள் மண்வெட்டியைக் கீழே போட்டு, தோளிலே தொங்குகிற துப்பாக்கியை இறக்கி, பூட்டை விடுவித்து, தூக்கி நிறுத்தி, குறி பார்த்து, விசையை அழுத்த வேண்டும். ராத்திரி வேளையானால் டார்ச் விளக்கு வேறு. மூன்று கிலோ எடையுள்ள துப்பாக்கிக்கு இரண்டு கை வேண்டும், விளக்குக்கு ஒரு கை வேண்டும். மனிதனுக்கு மூன்று கை ஏது? பட்டாளத்திலே பத்து வருஷம் இருந்தவர் ஒருவேளை சமாளிக்கலாம். வருஷத்துக்கு இரண்டு தோட்டாக்கூடச் சுட்டுப் பழகாத குடும்பஸ்தர் சமாளிப்பார் என்று நம்ப நமக்குத் தைரியமில்லை.

இன்னொரு விஷயத்தையும் யோசித்துப் பாருங்கள். சிவசைலத்தில் நடந்தது போல, கரடி ஒரு மனிதனைக் கீழே தள்ளி அவன்மேல் ஏறி இருக்கிறது. உதவிக்கு ஓடிவருகிறவர் கையில் பன்னிரண்டு போர் துப்பாக்கி இருக்கிறது. அவர் எதைச் சுடுவார்? ரவைக்கூட்டத்துக்குக் கரடியையும் மனிதனையும் வித்தியாசம் பார்க்கத் தெரியாது. இரண்டும் ஒன்றாகப் புரளுகையில் சுடுகிறவர், காப்பாற்ற வந்த உயிரைத் தாமே போக்கிவிட நேரும். ஆகாயத்தை நோக்கிச் சுட்டுச் சத்தம் உண்டாக்கலாம்; அது சில சமயம் பலிக்கும். அந்தச் சத்தத்தை உண்டாக்க வேறு மலிவான வழிகளும் இருக்கின்றன.

அமெரிக்காவிலே அலாஸ்கா என்ற பிரதேசம் இருக்கிறது. அங்கேயுள்ள பழுப்புக் கரடிக்கு முன்னால் நம் கரடி சிறு பிள்ளை. அங்கே காட்டுக்குப் போகிறவர்கள் துப்பாக்கி இல்லாமல் போவதில்லை. எந்தத் துப்பாக்கி உயர்த்தி என்று வாதம் செய்வதே அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. 1883 முதல் 2009 வரை அங்கே மனிதர்கள் துப்பாக்கியுடன் கரடியைச் சந்தித்த 269 சம்பவங்களைச் சேகரித்து 2012-இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். கையில் துப்பாக்கி இருந்தும் அதைச் சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் பட்ட காயங்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்பதே அதன் முடிவு. காரணம் நாம் மேலே போட்ட கணக்குதான்: நேரம் போதவில்லை. இதற்கு நாலு வருஷம் முன்பு, 2008-இல், மிளகாய்க் காரத்தைப் பீச்சுகிற குப்பியைப் பற்றி அதே ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அலாஸ்காவில் அதை உபயோகித்த சம்பவங்களில் பழுப்புக் கரடி நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு தடவை பின்வாங்கியதாம். குறி தவறினாலும் காரம் மேகம் போல் பரவி நிற்கும் என்பதே அதன் விசேஷம். மிளகாய்க்குப் பஞ்சமில்லாத சீமை நம்முடையது. ஆனால் மனிதருக்கென்று கடையில் விற்கிற சின்னக் குப்பியைக் கரடிக்கு நம்பிவிடக்கூடாது. அது பீச்சுகிற தூரமும் அளவும் மிகச் சொற்பம்.

தேர்ந்த வேட்டைக்காரர்களே திணறிய கதையும் நம் பக்கத்திலே உண்டு. மைசூர் ராஜ்யத்தில் அரசிக்கெரைப் பக்கத்தில் ஒரு கரடி குறைந்தது 12 பேரைக் கொன்று, இரண்டு டஜன் பேரை ஊனப்படுத்திற்று. பெங்களூர் வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் அதைத் தேடிச் சுட்டுக் கொன்ற வரலாற்றைத் தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். புலியையும் சிறுத்தையையும் சுட்டுப் பழகிய அவருக்கே இந்தக் கரடி ஒரே முயற்சியில் அகப்பட்டுவிடவில்லை.

சட்டத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் ஆயுதம் வைத்திருக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தால் இறுகியது. வைஸ்ராய் லிட்டன் காலத்துச் சமாசாரம் அது. வெள்ளைக்காரர்களுக்கு அதில் விலக்கு உண்டு. தங்கள் தோட்டத்திலே பன்றி விரட்டவும் நம்மவர் கலெக்டர் கச்சேரி வாசலில் காத்திருக்க, துரைமார்கள் மலைக்குப் போய் விளையாட்டுக்குச் சுட்டார்கள். ஜமீன்தார்களும் கூடப் போனார்கள். 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையிலேயே இந்தச் சட்டத்தைத் தளர்த்தும்படி தீர்மானம் வந்தது. 1930 ஜனவரியில் காந்தியடிகள் வைஸ்ராய் இர்வினுக்கு முன் வைத்த பதினோரு கோரிக்கைகளில் கடைசிக் கோரிக்கை என்ன தெரியுமா? தற்காப்புக்காக ஜனங்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்க வேண்டும், அது மக்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பதே. அஹிம்சா மூர்த்தி கேட்டது துப்பாக்கியை அல்ல, ஜனங்களை நம்ப வேண்டும் என்பதை என்று நாம் பொருள் செய்துகொள்கிறோம்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1959-இல் புதுச் சட்டம் வந்தது. அதன்கீழ் 2016-இல் புது விதிகள் வந்தன. மனிதருக்கும் கால்நடைக்கும் பயிருக்கும் தீங்கு செய்யும் மிருகங்களை ஒழிப்பதற்கென்றே தனி லைசென்ஸ் நமூனா இருக்கிறது. ஜில்லா கலெக்டரிடம் மனுச் செய்ய வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு, துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்ற அத்தாட்சியும் வேண்டும். 2019-இல் செய்த திருத்தப்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்குமேல் வைத்திருக்கக்கூடாது. லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குச் செல்லும். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கும்படி உத்தரவு வரும். கரடிக்குத் தேர்தல் கிடையாது என்பதைச் சட்டம் கவனிக்கவில்லை. இதெல்லாம் தொந்தரவு என்று கருதி, லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைக் கூரைக்குள் செருகி வைப்பவர்களுக்கு இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை சிறைவாசம் காத்திருக்கிறது.

நம் பகுதியாருக்கு முக்கியமான விஷயம் வேறொன்று. முண்டந்துறை 1962 முதலும், களக்காடு 1976 முதலும் சரணாலயங்கள். இரண்டையும் சேர்த்து 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அமைந்தது. வடக்கே நெல்லை வனவிலங்குச் சரணாலயம் 2015-இல் வந்தது. சரணாலயத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிதாகத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுப்பதானால், மாகாணத்துத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன்சம்மதம் வேண்டும் என்று 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சொல்லுகிறது. சிவசைலத்துக்காரருக்கு இது தப்பாது. முன்பே லைசென்ஸ் வைத்திருப்பவர்களும் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அனுமதியில்லாமல் ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் காலடி வைப்பதே குற்றம்.

தேன்கரடி அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையைச் சேர்ந்தது; புலிக்குள்ள காப்பு அதற்கும் உண்டு. வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறை, ஆயிரக் கணக்கில் அபராதம். அப்படியானால் கரடி கழுத்தைப் பிடிக்கிறபோது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா என்று கேட்கலாம். இல்லை. தன்னையோ பிறரையோ காப்பாற்றிக்கொள்ள நல்லெண்ணத்துடன் கொன்றாலும் காயப்படுத்தினாலும் குற்றமில்லை என்று பதினோராவது பிரிவு தெளிவாகச் சொல்லுகிறது. ஆனால் அந்தச் சமயத்தில் நாம் அந்தச் சட்டத்துக்கு விரோதமான காரியம் ஒன்றும் செய்துகொண்டிருக்கக்கூடாது. இறந்த கரடி சர்க்கார் சொத்து. நகத்தையோ பல்லையோ எடுத்துத் தாயத்துக் கட்டினால் விவகாரம் வேறு விதமாய் முடியும். தற்காப்பு வேறு, "நேற்று வந்த கரடி இன்றும் வரும்" என்று மரத்தில் ஏறிக் காத்திருந்து சுடுவது வேறு. அப்படிச் சுட உத்தரவிடத் தலைமைக் காப்பாளர் ஒருவருக்குத்தான் அதிகாரம். அவரும், பிடிக்கவோ மயக்கவோ வேறிடம் கொண்டுபோகவோ முடியாது என்று திருப்தி அடைந்த பிறகே எழுத்து மூலமாய் உத்தரவிடலாம்.

ஆகவே இரட்டைக்குழல் துப்பாக்கியை அலமாரியிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வேறு உபாயம் பார்ப்போம். செங்கோட்டை 1956 வரையில் திருவாங்கூரோடு சேர்ந்திருந்தது. திருவாங்கூர் ராஜ்யத்தின் அஞ்சல்காரர்கள் தபால் பையைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியிலும் மேட்டு வழியிலும் ஓடினார்கள். அவர்கள் கையில் துப்பாக்கி கிடையாது. சதங்கை கட்டிய தடி இருந்தது. ஜல் ஜல் என்ற அந்தச் சத்தம் வழியில் போகிற மனிதரை மட்டும் விலக்கவில்லை, மிருகங்களையும் விலக்கிற்று. இப்போது கரடி ஆராய்ச்சி செய்கிறவர்கள் வடக்கே சில கிராமங்களில் மணி கட்டிய தடியைத்தான் ஜனங்களிடம் கொடுத்துப் பழக்குகிறார்கள். நம் பாட்டன்மார் காலத்து அஞ்சல்காரருக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை!

தேன்கரடி திடுக்கிட்டால்தான் பாய்கிறது. திடுக்கிடாதபடி செய்துவிட்டால் பாதி அபாயம் தீர்ந்தது. மோட்டார் போடப் போகையில் தனியே போகாமல் இருவராய், உரத்துப் பேசிக்கொண்டு போக வேண்டும். பேச ஆளில்லையென்றால் பாடிக்கொண்டு போகலாம். குரல் எப்படி இருந்தாலும் கரடி குறை சொல்லாது. செல்போனில் பாட்டு வைப்பவர்கள் காதில் மாட்டிக்கொள்ளாமல் வெளியே கேட்கும்படி வைக்க வேண்டும். காதை அடைத்துக்கொண்டு காட்டோரம் நடக்கிற இளைஞர்களைக் காண்கையில் நமக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்குகிறது. விளக்கு தலையில் கட்டிக்கொள்கிற விதமாய் இருந்தால் இரண்டு கைகளும் ஓய்வாயிருக்கும். மோட்டார் அறையைச் சுற்றியும் நடைபாதையின் இரு பக்கமும் உண்ணிச்செடியை வெட்டி வெளியாக்கினால், பதினைந்து மீட்டர் முப்பது மீட்டராகும். இரண்டு விநாடி நாலு விநாடியாகும். மரத்தடியில் விழுந்து அழுகுகிற மாம்பழத்தையும் பலாவையும் அன்றன்றைக்கே அகற்றிவிட வேண்டும். அந்த வாசனை மலைமேல் இருக்கிற மூக்குக்குக் கடிதம் எழுதுவது போல. புற்று இருக்கிற வரப்பில் விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் ஜாக்கிரதை.

நாயைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் உண்டு. வீட்டு வாசலில் குரைத்து அறிவிக்கிற நாய் நல்லதே. ஆனால் கூடவே காட்டோரம் வருகிற நாய், கரடியைக் கண்டதும் முன்னே ஓடிக் குரைத்து அதை மூர்க்கமாக்கிவிட்டு, பிறகு எஜமானனுடைய காலடிக்கு ஓடி வருகிறது. பின்னாலேயே கரடியும் வருகிறது. பன்றிக்கென்று அவுட்டுக்காய் வைப்பதும், வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுவதும் கரடியைத் தடுப்பதற்கு முன் நம் வீட்டுப் பசுவையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் பலி வாங்கும்.

கரடி தூரத்தில் தெரிந்தால் ஓடக்கூடாது. முகத்தை அதன் பக்கம் வைத்துக்கொண்டே மெள்ளப் பின்வாங்க வேண்டும். மரத்தில் ஏறிப் பயனில்லை; நம்மைவிட நன்றாக அது ஏறும். பக்கத்தில் வந்து எழுந்து நின்றுவிட்டால், கையில் தடியோ மண்வெட்டியோ இருந்தால் அதை முன்னே நீட்டி இடைவெளியைக் காக்கப் பார்க்கலாம். கீழே தள்ளிவிட்டது என்றால் குப்புறப் படுத்து, முகத்தை மண்ணில் புதைத்து, இரு கை விரல்களையும் பின்கழுத்தில் கோத்துக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். அது முதலில் தேடுவது முகத்தையும் தலையையுமே. முதுகில் படுகிற காயம் ஆறும், கண் போனால் வராது. பெரும்பாலான தாக்குதல்கள் வெகு சீக்கிரத்தில் முடிந்துவிடுகின்றன. நாம் அசையாதிருந்தால் அது விலகிப் போகவே விரும்புகிறது. போனபிறகும் சற்று நேரம் பொறுத்தே எழ வேண்டும்.

காயம் பட்டவரைத் தூக்கியவுடன் செய்ய வேண்டியதையும் வீட்டுப் பெண்கள் அறிந்திருப்பது நலம். காப்பிப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் பொடி ஒன்றும் அப்பக்கூடாது. இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பீறிடாத காயங்களைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். கரடி கடித்தாலும் நாய் கடித்தது போலவே வெறிநோய்த் தடுப்பு ஊசி போட்டாக வேண்டும். காயம் ஆழமாயிருப்பதால் காயத்தைச் சுற்றிப் போடுகிற மருந்தும், இசிவு நோய்க்கான ஊசியும் வேண்டியிருக்கும். தென்காசி அரசு மருத்துவமனைக்குப் புறப்படுகிறபோதே 108-க்கும் வனத்துறைக்கும் ஒருவர் தகவல் சொல்லிவிட வேண்டும். ஊசி முதல் நாளோடு நிற்பதில்லை; டாக்டர் குறித்துக் கொடுக்கிற தேதிகளில் எல்லாம் தவறாமல் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும்.